மின்கலத்துக்கு மண் எதற்கு?

கோபுரத்தின் காலடியில்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பத்தைக் கடந்து பண்ணுருட்டி நோக்கிச் செல்லும் சாலையில், கரும்பு வயல்களின் பசுமைக்கு நடுவே அமைந்த மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கிச் சற்றே தலையை நிமிர்த்துகிறவருடைய கண்ணில், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் இன்று தவறாமல் படுகின்ற ஒரு பொருள் படும். அதுதான் செல்போன் கோபுரம். இத்தகைய கோபுரங்களின் உச்சியையே எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் வேலியோரமாக நின்று அடிவாரத்தைக் கவனித்தால், அதன் கால்களிலிருந்து உலோகப் பட்டைகள் இறங்கி மண்ணுக்குள் மறைவதையும், அருகிலுள்ள இரும்புப் பெட்டியிலிருந்தும் அவ்வாறே ஒரு பட்டை புறப்பட்டு அவற்றோடு சேர்வதையும், சிமெண்டு மூடியிட்ட சிறு குழிகள் அங்கங்கே இருப்பதையும் காணலாம். மின் வேலை செய்பவர்கள் இதற்கு வழங்கும் பெயர் ‘எர்த்’. இந்நூலில் நாம் இதைப் புவியிணைப்பு என்று குறிப்பிடுவோம்.

இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் உபகரணங்கள் மின்கலத்தினால், அதாவது பேட்டரியினால், இயங்குகின்றன. மின்கலத்தில் இயங்கும் டார்ச் விளக்கை நாம் எந்த மண்ணிலும் புதைத்து எரிப்பதில்லை. சட்டைப்பையிலுள்ள கைபேசிக்கும் பூமிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மோட்டார் சைக்கிளோ ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நின்றுகொண்டே விளக்கு எரிக்கிறது. மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்சாரம் மறுமுனைக்குத் திரும்பிவிட்டால் அதன் காரியம் முடிந்தது. அப்படியிருக்க, கோபுரத்தடி மின்கலத்துக்கு மட்டும் மண் எதற்கு? இன்னும் கூர்ந்து பார்ப்பவர் இரண்டாவது கேள்வியையும் கேட்பார்: மோட்டார் சைக்கிளில் மின்கலத்தின் எதிர்முனையை, அதாவது மைனஸை, வண்டியின் உடலோடு சேர்க்கிறார்கள், கோபுரத்தடியிலோ நேர்முனையாகிய பிளஸை மண்ணோடு சேர்க்கிறார்கள். இந்தத் தலைகீழ் வழக்கம் எங்கிருந்து வந்தது?

முதல் கேள்வி நியாயமானது. அதில் அடங்கிய உண்மையை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும். அந்தப் பட்டைகளையெல்லாம் ஒருவன் இன்றிரவு அறுத்துக்கொண்டு போய்விட்டாலும், நாளைக் காலையில் ஊரார் வழக்கம்போலவே கைபேசியில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மின்சாரம் பிறக்கும் ஊருக்கு அருகில்

மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தென்மேற்கே, அதிகத் தொலைவில்லாத நெய்வேலியில், 1930களில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்ட ஜம்புலிங்க முதலியார் கண்ட கரும்பழுப்புப் பொருளே, பின்னர் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றுவதற்கும், 1962 முதல் அங்கே மின்சாரம் பிறப்பதற்கும் மூலகாரணமாயிற்று. மின்சாரத்தின் பிறப்பிடத்துக்கு இவ்வளவு சமீபத்தில் இருக்கும் ஒரு கோபுரம் மின்கலத்தை நம்பி நிற்பானேன் என்று கேட்பவர்களுக்கு, 2011 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையைக் கடலூர் மாவட்டத்து மக்கள் நினைவூட்டுவார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ணுருட்டிச் சுற்றுப்புறத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததோடு, ஆயிரக்கணக்கான மின்கம்பங்களையும் வீழ்த்திற்று. மின்சாரம் பிறப்பது ஓரிடம், அது வந்து சேரும் வழி வேறு. வழியில் ஒரு கம்பம் விழுந்தால் போதும், பிறப்பிடம் அருகிலிருந்து பயனில்லை. ஆபத்துக் காலத்தில்தான் மனிதனுக்குப் பேச்சுத்தொடர்பு இன்றியமையாதது; ஆதலால் தொலைத்தொடர்பு உபகரணங்களை மின்கலத்தின்மேல் நிறுத்துவது என்று தந்தி, தொலைபேசி நிலையங்களின் காலத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

2 வோல்ட் தரும் ஈய மின்கலங்கள் 24ஐ வரிசையாகக் கோத்து 48 வோல்ட் பெறுவது அக்காலத்து மரபு. அந்த 48 வோல்ட்டே இன்றும் நிலைத்திருக்கிறது. மனிதன் கை பட்டாலும் பெரும்பாலும் அபாயமில்லாத அளவுக்குக் குறைவாகவும், நெடுந்தூரக் கம்பியில் சென்று வேலை செய்யும் அளவுக்கு அதிகமாகவும் அமைந்த எண் அது. மின்வாரியத்தின் மின்சாரம் வரும்போது அது மின்கலத்தை நிரப்பிக்கொண்டேயிருக்கும்; நின்றுபோனால், உபகரணத்துக்கு அந்தச் செய்தியே தெரியாமல் மின்கலம் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

நேர்முனையைப் புதைத்த காரணம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர், தந்திக்கு இரண்டு கம்பிகள் வேண்டியதில்லை, ஒன்று போதும், மின்சாரம் திரும்பிவரும் வழியாகப் பூமியே அமையும் என்று கண்டார். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற மருத்துவர், தாவரத் தோட்டத்துக்கருகே மைல்கணக்கில் கம்பி இழுத்து, ஹூக்ளி ஆற்று நீரையே சுற்றுவழியின் ஒரு பகுதியாகக் கொண்டு செய்தி அனுப்பிப் பார்த்தார். மண்ணும் நீரும் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பது அப்போது வியப்பூட்டும் செய்தி.

அந்த வியப்போடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. ஈரமண்ணில் புதைத்த உலோகக் கம்பியின் உறையில் எங்கேனும் பழுது ஏற்பட்டால், சிறிதளவு மின்சாரம் அதன் வழியே கசியும். கம்பியிலிருந்து மண்ணுக்குள் கசிந்தால், உலோகத்தின் அணுக்களும் அதனோடு மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறி, சில மாதங்களில் கம்பி அரிக்கப்பட்டு அறுந்துபோகும். மாறாக, மண்ணிலிருந்து கம்பிக்குள் நுழைந்தால் உலோகம் கரைவதில்லை, பாதுகாக்கவும் படுகிறது. எனவே பேச்சுக்கம்பி எப்போதும் மண்ணைவிடத் தாழ்ந்த நிலையில், எதிர்முனையாக, இருக்கும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்கு வழி மின்கலத்தின் நேர்முனையை மண்ணோடு இணைத்துவிடுவதே. கசிவு நேரும்போது அரிப்பின் பாரத்தைச் சுமப்பது, ஊரெங்கும் ஓடும் மெல்லிய கம்பி அன்று. நிலையத்தடியில் புதைந்து கிடக்கும் தடித்த உலோகம். அது கனமானது, வேண்டும்போது தோண்டி மாற்றிவிடக்கூடியது. தொலைபேசி நிலையங்களின் அந்த வழக்கமே கோபுரத்தடிக்கும் வந்து சேர்ந்தது.

இந்தத் தத்துவத்தின் வேர் இன்னும் பழையது. இங்கிலாந்தின் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தை மூடிய செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, ஹம்ப்ரி டேவி 1824இல் அவற்றோடு துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் இணைத்தார். துத்தநாகமும் இரும்பும் தம்மைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காத்தன. ஆனால் கரையாத செம்பில் கடற்சிப்பிகள் அச்சமின்றி வந்து ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தமையால், கடற்படையினர் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. கண்டுபிடிப்பு சரியாகவே இருந்தும் பயன் வேறிடத்தில் காத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மின்னல், ஒரு கணக்கு

இனி முதல் கேள்விக்கு வருவோம். இடி விழுந்தால் அதை மண் விழுங்கிவிடும், அதற்காகவே பட்டைகள் என்று பலரும் எண்ணுகிறார்கள். பாதிக்குப் பாதி உண்மையான இந்த விளக்கம், முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்திருக்கிறது. அதைத் தெளிவாக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேல்பட்டாம்பாக்கத்துக் கரும்பு வயலோரத்தில் 40 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உச்சியில் கைபேசி அலைகளை அனுப்பிப் பெறும் வானொலிப் பெட்டி ஒன்று கோபுரத்தின் இரும்போடு முடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் அடிவாரத்து மின்கலத்திலிருந்து ஒரு கம்பியின் வழியே மேலேறுகிறது. கோபுரத்தின் கால்களுக்கு நல்ல புவியிணைப்பு கொடுத்தாயிற்று. மின்தடை என்பது மின்சாரம் செல்லும் வழியின் இறுக்கம். அதை ஓம் என்ற அளவால் குறிப்பார்கள். நம் கோபுரத்துக்கும் மண்ணுக்கும் இடையே அது 5 ஓம் என்று கொள்வோம். குறை சொல்லத்தக்க அளவன்று.

இப்போது மின்னல் விழுகிறது. நடுத்தரமான ஒரு மின்னலின் உச்ச அளவு ஏறக்குறைய 30,000 ஆம்பியர். வீட்டு மின்விசிறி ஒன்று அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரத்தின் அளவை மின்தடையால் பெருக்கினால், அது எழுப்பும் மின்னழுத்தம், அதாவது வோல்ட், கிடைக்கும். 30,000ஐ 5ஆல் பெருக்கினால் 1,50,000. அந்தக் கண நேரத்துக்குக் கோபுரம் முழுவதும், அதன் அடியிலுள்ள மண்ணும்கூட, தொலைவிலுள்ள மண்ணைக் காட்டிலும் ஒன்றரை லட்சம் வோல்ட் உயர்ந்துவிடுகிறது. மண் மின்னலை விழுங்கிற்று என்பது சரியானால், அது விழுங்கும்போது தானும் வீங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடிவிழுந்த மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் மடிவதும் இதனாலேயே: முன்கால் நிற்கும் மண்ணுக்கும் பின்கால் நிற்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு, அந்தப் பேதைப் பிராணியின் உடல் வழியே தன்னைத் தீர்த்துக்கொள்கிறது.

இங்கேதான் நல்லெண்ணம் கொண்ட ஒரு தவறு நுழைகிறது. கோபுரத்தின் எர்த் இடி வரும் அசுத்தமான வழி, நுட்பமான உபகரணத்துக்குச் சுத்தமான தனி எர்த் வேண்டும் என்று கருதி, பத்து மீட்டர் தள்ளி வேறொரு குழி தோண்டி, மின்கலத்தின் நேர்முனையை அதனோடு மட்டும் இணைத்துவிடுகிறார்கள். மின்னல் விழுந்த கணத்தில் என்ன நேரும்? கோபுரமும் அதனோடு முடுக்கப்பட்ட வானொலிப் பெட்டியும் ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு எழும்பிவிட்டன. தனிக்குழியிலுள்ள மண்ணோ அதில் ஒரு பகுதியளவே எழும்பிற்று. மீதமுள்ள பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு, இவ்விரண்டையும் இணைக்கும் ஒரே பாலமாகிய அந்த மின்கம்பியின் இரு நுனிகளிலும், அதாவது வானொலிப் பெட்டிக்குள்ளும் மின்கல அலமாரிக்குள்ளும், வந்து நிற்கிறது. உள்ளேயிருக்கும் பாகங்கள் சில ஆயிரம் வோல்ட்டுக்குமேல் தாங்கும்படி அமைந்தவை அல்ல, கருகிப்போகின்றன. எது காக்கும் என்று தனிக்குழி தோண்டினார்களோ, அதுவே அழிவுக்கு வழிவிட்டது.

கடலூர்த் துறைமுகத்தில் அருகருகே நிற்கும் இரண்டு படகுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று கட்டி மிதக்கவிட்டால், வெள்ளம் பத்தடி ஏறினாலும் இரண்டும் சேர்ந்து ஏறும். நடுவிலுள்ள கயிறு தளர்ந்தே கிடக்கும். ஒன்றை மட்டும் கரைக்கம்பத்தோடு இறுகக் கட்டிவிட்டால், வெள்ளம் ஏறும்போது முதலில் அறுவது நடுக்கயிறுதான். கோபுரத்தின் கால், உபகரணப் பெட்டியின் உடல், மின்கலத்தின் நேர்முனை, மின்வாரியக் கம்பியின் எர்த், கண்ணாடி இழைவடத்தைச் சுற்றியுள்ள எஃகுக் கவசம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே செப்புப் பட்டையில் கொண்டுவந்து முடுக்கி, அந்தப் பட்டையைக் கோபுரத்தைச் சுற்றிப் புதைத்த உலோக வளையத்தோடு சேர்த்துவிட்டால், மின்னல் விழும்போது அனைத்தும் ஒன்றாகவே ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு ஏறி, ஒன்றாகவே இறங்கும். எவ்வளவு உயரம் ஏறினோம் என்பது உபகரணத்துக்குத் தெரியவே தெரியாது. இதைச் சமநிலைப் பிணைப்பு என்று அழைக்கலாம். மண்ணின் ஓம் கணக்கைவிட இந்தப் பிணைப்பே முக்கியம் என்பதுதான் இவ்வத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

எதிர்முனைக் கம்பியை மட்டும் பட்டையோடு நேரே சேர்க்க இயலாது. சேர்த்தால் மின்கலத்தின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு, நெருப்பில் முடியும். ஆகையால் அதற்கும் பட்டைக்கும் இடையே மின்னெழுச்சித் தடுப்பான் என்ற சிறு சாதனத்தை வைக்கிறார்கள். சாதாரண காலத்தில் மூடிய கதவாக இருக்கும் அது, அழுத்தம் எல்லை மீறிய மாத்திரத்தில் திறந்து, எதிர்முனையையும் அந்தக் கண நேரத்துக்கு மற்றவற்றோடு பிணைத்து, மின்னல் ஓய்ந்ததும் மூடிக்கொள்கிறது.

நேர்முனையைப் பட்டையோடு சேர்ப்பதும் ஓரிடத்தில் மட்டுமே நிகழ வேண்டும். இரண்டு இடங்களில் சேர்த்துவிட்டால், உபகரணத்துக்குச் செல்லும் அன்றாட மின்சாரத்தில் ஒரு பங்கு, தனக்குரிய கம்பியை விட்டுக் கோபுரத்தின் இரும்பிலும் மண்ணிலும் புகுந்து இரவும் பகலும் ஓடி, நாம் முன்பு கண்ட அரிப்பைப் புவியிணைப்புக்கே உண்டாக்கும்.

கம்பியின் மந்தம்

ஒரே பட்டையில் சேர்த்தோம் என்று சொல்வது எளிது. எத்தனை நீளக் கம்பியால் சேர்த்தோம் என்பதே அடுத்த பரீட்சை. நின்றுகொண்டிருக்கும் பாரவண்டியை மெல்லத் தள்ளினால் நகர்கிறது. திடீரென்று இடித்தால் இடித்தவன் தோள்தான் நோகும். மின்சாரத்துக்கும் கம்பியில் இத்தகைய மந்தம் உண்டு. மின்கலத்தின் நிதானமான பிரவாகத்துக்கு அது தெரிவதில்லை. ஆனால் மின்னலோ, வினாடியைப் பத்து லட்சமாகப் பகுத்த கூறுகளில் இரண்டு மூன்றுக்குள் உச்சியைத் தொடுவது. அதில் பத்தில் ஒரு பங்கு, 3,000 ஆம்பியர், நம் பெட்டியின் இணைப்புக் கம்பி வழியே மூன்று கூறுகளில் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், அக்கம்பியின் ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய 1,000 வோல்ட்டை எழுப்பிவிடும். அரை மீட்டர்க் கம்பி 500. நேர்த்தியாக இருக்கட்டும் என்று சுவரைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோன ஆறு மீட்டர்க் கம்பி 6,000. செம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த மந்தம் அதிகம் குறைவதில்லை. அதனாலேயே கைதேர்ந்தவர்கள் உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான பட்டையை எடுத்து, கூர்மையான மடிப்பின்றி, குறுக்குவழியில் இறக்குகிறார்கள். கண்ணுக்கு அழகாகச் சுருட்டி வைத்த உபரிக் கம்பியைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

கரியும் உப்பும் தண்ணீரும்

பிணைப்பே முக்கியம் என்றதனால் மண்ணை அலட்சியம் செய்யலாம் என்பதில்லை. மின்னல் இறுதியில் போய்ச் சேரும் இடம் அதுவே. கோபுரத்தின் ஏற்றம் குறைவாக இருக்கும் அளவுக்கு, வெளியிலிருந்து வரும் மின்வாரியக் கம்பியோடு நேரும் மோதலும் குறையும். மண்ணுக்கு மண் குணம் வேறு. 3 மீட்டர் நீளமுள்ள ஓர் உலோகத் தண்டைப் பெண்ணையாற்றுப் படுகையின் ஈரமான வண்டலில் அடித்தால், அதன் மின்தடை ஏறக்குறைய 10 ஓம் அளவில் நிற்கக்கூடும். அதே தண்டை நெய்வேலிப் பக்கத்து முந்திரிக்காட்டின் உலர்ந்த செம்மண்ணில் அடித்தால், அது 100, 200 ஓம் என்று ஏறிவிடலாம். தண்டு அதேதான், மாறியது ஈரமும், அந்த ஈரத்தில் கரைந்துள்ள உப்புமே.

இதை அறிந்தே நம் நாட்டு மின்பணியாளர்கள், துளையிட்ட ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, குழியில் நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் வைக்கிறார்கள். இத்தகைய வேலைக்கு வழிகாட்டவே, 1966இல் முதலில் வெளிவந்து 1987இலும் 2018இலும் திருத்தப்பெற்ற ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நூல் புவியிணைப்புக்கென்றே எழுதப்பட்டது. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உப்பு அந்த ஈரத்துக்கு மின்கடத்தும் திறனைத் தருகிறது. ஆயினும் உப்பு, மழையில் கரைந்து போவதோடு குழாயையும் தின்றுவிடுவதால், இன்று பலர் நீரை உறிஞ்சிப் பருக்கும் பெண்டோனைட் என்ற களிமண்ணை நாடுகிறார்கள்.

ஒரு தண்டு போதாவிட்டால் பலவற்றை அடிக்கலாம். ஆனால் நெருக்கமாக அடிப்பதில் லாபமில்லை. தென்னங்கன்று நடுகிறவர் 25 அடி இடைவெளி விடுவது எதற்காகவோ அதே காரணத்துக்காக, தண்டுகளையும் அவற்றின் நீளத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி அடிக்க வேண்டும். இல்லையேல் ஒரே மண்ணை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும்.

அளக்கும் காலம்

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, வருஷத்துக்கொருமுறையேனும் அளந்து பார்ப்பது அவசியம். ஏனெனில் செப்புப் பட்டையின் மதிப்பை அறிந்தவர்களுள் திருடர்களும் உண்டு. பட்டை போய்விட்டாலும் உபகரணம் யாதொரு முறையீடும் செய்யாது. முடுக்கிய திருகாணி துருவேறித் தளர்ந்தாலும் அப்படியே. பட்டைகளின் வழியைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துச் சோதித்து, பின்பு எர்த் மெக்கர் என்னும் கருவியால் மண்ணின் மின்தடையைக் கணிக்க வேண்டும்.

இந்த அளவீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்து, எண் நன்றாக வந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். நனைந்த மண் எல்லோருக்கும் நல்ல எண்ணையே காட்டும். அளக்க வேண்டியது சித்திரையில். பெண்ணையாறு மணலாகக் கிடந்து, வயல் வெடித்து, எர்த் குழியின் கரி வறண்டு தூளாகி நிற்கும் அந்த நாட்களின் மாலை வேளையில்தான், மேற்கே கருத்து வரும் கோடை மேகம் முதல் துளி விழுவதற்கு முன்பே இடியை இறக்குகிறது.